வைகையில் தண்ணீர் இல்லாத மாதங்களில் எதை அளப்பது?

நவம்பர் 3, இரவு 9.10 | செல்லூர் டீச்சர்

எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாலு பேர். மாதம் ஒருமுறை வைகைக்குப் போய் ஆறு எப்படி இருக்கிறது என்று அளந்து எழுதி வைக்கலாம் என்று இருக்கிறோம். கையில் இருப்பது பி.எச். தாள் (தண்ணீர் அமிலமா, காரமா என்று காட்டுவது), ஒரு டி.டி.எஸ். பேனா (கரைந்த உப்பைக் காட்டுவது), ஒரு வெப்பமானி. இது போதுமா? கையேட்டைத் திறந்தால் "கல்லைப் புரட்டி அடியில் இருக்கும் பூச்சியைப் பார்" என்கிறது. மதுரைக்குள் வைகையில் புரட்டக் கல் ஏது? மணலும் சேறும்தான். வருஷத்தில் பல மாதம் தண்ணீரே ஓடுவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

நவம்பர் 3, இரவு 11.25 | கொச்சடை

போதாது. ஆனால் கடைக்கு ஓடாதீர்கள் டீச்சர். முதலில் ஒரு நீள நோட்டு.

அதில் முதல் மூன்று கட்டம் இவை: ஆறு எந்த நிலையில் இருக்கிறது, இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, கடைசியாக மழை பெய்ததோ அணை திறந்ததோ என்றைக்கு. நிலைக்கு ஐந்து சொல் போதும்: ஓட்டம், நூலோட்டம், குட்டை, ஈரமணல், காய்ந்தது. எங்கிருந்து என்பதற்கு மூன்று: அணை, மழை, சாக்கடை. இரண்டு கலந்திருந்தால் இரண்டையும் எழுதுங்கள். இந்த மூன்று கட்டமும் காலியாக இருந்தால் அதற்குப் பக்கத்தில் எழுதும் எந்த எண்ணையும் போன மாத எண்ணோடு ஒப்பிட முடியாது. அணைத் தண்ணீர் போகும்போது எடுத்த அளவையும், சாக்கடை மட்டும் நூலாக ஓடும்போது எடுத்த அளவையும் ஒரே கோட்டில் போட்டுவிட்டு "ஆறு கெட்டுப்போச்சு" என்றோ "தேறிடுச்சு" என்றோ சொல்வதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு. வருஷம் முழுக்க ஓடும் ஆறுகளை வைத்து எழுதிய கையேடுகளில் இந்தக் கட்டமே இருக்காது.

இடம் நாலு போதும். மேலே என்றால் தண்ணீர் வரும் பக்கம், கீழே என்றால் போகும் பக்கம். நகருக்கு மேலே ஒன்று, சோழவந்தான், தென்கரை ஊர்ப் பக்கம். செல்லூர்ப் பக்கம், சாக்கடை சுமந்து வரும் பந்தல்குடிக் கால்வாய் வைகையில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒன்று, கீழே ஒன்று. நகரின் கீழ் முனையில், விரகனூர் மதகணைக்கு (மதகு வைத்த தடுப்பணை) மேலே ஒன்று. ஒவ்வொரு இடத்துக்கும் அசையாத ஓர் அடையாளம் வேண்டும்: பாலத்தின் எத்தனையாவது தூண், எந்தப் படித்துறை. "பாலத்துக்குப் பக்கத்தில்" என்று எழுதினால் அடுத்த வருஷப் பிள்ளைகள் ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பார்கள்.

நவம்பர் 5, மாலை 6.40 | செல்லூர் டீச்சர்

கால்வாய்க்குக் "கீழே" என்றால் எவ்வளவு தூரம் அண்ணே? பத்து மீட்டரா, நூறு மீட்டரா?

நவம்பர் 5, இரவு 8.15 | கொச்சடை

மீட்டர் கணக்கு சொல்ல முடியாது, ஓட்டத்தைப் பொறுத்து மாறும். உங்கள் டி.டி.எஸ். பேனாவே சொல்லிவிடும். ஓடும் தண்ணீரின் குறுக்கே ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஐந்து இடத்தில் பேனாவை வையுங்கள். கால்வாய் விழும் வடகரைப் பக்கம் 1,400, நடுவில் 900, எதிர்க் கரையில் 600 என்று வந்தால் இன்னும் கலக்கவில்லை. கீழே போய் மறுபடி ஐந்து இடம். ஐந்தும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் வரும் இடம்தான் உங்கள் "கீழே". ஓட்டம் கூடும்போது அந்த இடம் இன்னும் கீழே தள்ளிப் போகும், ஒவ்வொரு முறையும் பாருங்கள். கரையோரமாகவே நின்று மொண்டால் கால்வாய்த் தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு அதை வைகை என்று எழுதிவிடுவோம்.

பேனாவைப் பற்றி ஒன்று. அது உப்பை எடை போடுவதில்லை. மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில பேனா 0.5-ஆல் பெருக்கும், சில 0.7-ஆல். இரண்டு பள்ளி இரண்டு பேனா வைத்திருந்தால் ஒரே தண்ணீருக்கு இரண்டு எண் வரும். சோதிப்பது சுலபம்: உலர்ந்த பொட்டாசியம் குளோரைடு 0.746 கிராம், காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டராகும் வரை. 25 டிகிரியில் இதன் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1,413 மைக்ரோசீமென்ஸ். பேனா 706 பக்கம் காட்டினால் அது 0.5 பேனா, 990 பக்கம் காட்டினால் 0.7 பேனா. நோட்டில் மைக்ரோசீமென்ஸாக மாற்றி எழுதுங்கள், எந்தக் காலத்திலும் குழப்பம் வராது.

நவம்பர் 9, காலை 7.30 | கொச்சடை

ஓட்டம் இருக்கும்போதே இதைப் பழகிவிடுங்கள். நேராக ஓடும் பத்து மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுத்து இரண்டு முனையிலும் குறுக்கே கயிறு. மேல் கயிற்றுக்கு இரண்டு மீட்டர் மேலே ஒரு கமலா ஆரஞ்சைப் போடுங்கள், கயிற்றைத் தொடும்போது நேரத்தைத் தொடங்குங்கள். நடுவில் மூன்று முறை, இரண்டு ஓரத்திலும் மும்மூன்று முறை. ஆரஞ்சு பெரும்பகுதி தண்ணீருக்குள் அமிழ்ந்து போவதால் காற்று இழுக்காது. தெர்மாகோல், காலி பாட்டில், காய்ந்த இலை எதுவும் ஆகாது.

ஆழத்தை ஒரு மீட்டருக்கு ஒருமுறை குச்சியால் அளந்து சராசரி எடுங்கள். அகலம் 6 மீட்டர், சராசரி ஆழம் 0.25 மீட்டர், பத்து மீட்டர் கடக்க 20 வினாடி என்று வைத்தால் வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர். மேற்பரப்பு வேகமாகவும் அடிப்பக்கம் மெதுவாகவும் ஓடும், அதனால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். 6 × 0.25 × 0.5 × 0.85 = 0.64 கனமீட்டர், வினாடிக்கு.

முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் பிள்ளைகள் இறங்கவே கூடாது. மணல் அள்ளிய குழி மேலே பார்த்தால் தெரியாது, ஒரே எட்டில் இடுப்பளவு ஆகிவிடும். முன்னால் போகிறவர் கையில் ஆளுயரக் குச்சி, ஊன்றிப் பார்த்துத்தான் அடுத்த அடி. செல்லூரில் வெறுங்காலோடு யாரும் இறங்க வேண்டாம்: கண்ணாடிச் சில்லு, ஊசி, எலிக்காய்ச்சல், மூன்றும் அங்கே உண்டு.

நவம்பர் 16, இரவு 10.05 | கொச்சடை

கரைந்த ஆக்சிஜன், அதாவது மீனும் பூச்சியும் தண்ணீருக்குள் சுவாசிப்பது. மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் இது ஒன்று வேண்டும். மீட்டர் வாங்கினால் சவ்வு கிழியும், மாதாமாதம் சரிபார்க்க வேண்டும், பள்ளிக்கூட அலமாரியில் ஆறு மாதம் கிடந்தால் அதை நம்ப முடியாது. விங்க்ளர் முறை (மருந்து விட்டு நிறத்தைப் பார்த்து அளப்பது) பழையதுதான், ஆனால் நம்பலாம்.

வேண்டியவை: 300 மில்லி பி.ஓ.டி. பாட்டில் (ஆக்சிஜன் சோதனைக்கென்றே வருவது, தேய்த்த கண்ணாடி மூடியோடு), மாங்கனஸ் சல்ஃபேட் கரைசல், கார அயோடைடு அசைடு கரைசல், கந்தக அமிலம், 0.025 நார்மல் செறிவுள்ள சோடியம் தயோசல்ஃபேட், ஸ்டார்ச்.

பிழை பெரும்பாலும் பாட்டிலை நிரப்பும்போதே வந்துவிடுகிறது. வாளியில் மொண்டு பாட்டிலில் ஊற்றினால் ஊற்றுகிற ஊற்றிலேயே காற்று கலந்து, செத்த தண்ணீரும் உயிரோடு இருப்பதுபோல் காட்டும். பாட்டிலைத் தண்ணீருக்குள் சாய்த்து முக்கி, சலசலக்காமல் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூட வேண்டும். ஆழமில்லாத இடத்தில் சின்ன ரப்பர் குழாயை பாட்டிலின் அடிவரை விட்டு, பாட்டில் அளவுக்கு இரண்டு மடங்கு வழிந்தோடும் வரை நிரப்புங்கள். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கும்போது ஒரு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி.

பிறகு மாங்கனஸ் சல்ஃபேட் 2 மில்லி, கார அயோடைடு 2 மில்லி, இரண்டையும் பிப்பெட் நுனி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி விடுங்கள். மூடி, பதினைந்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஆக்சிஜன் இருந்தால் தேங்காய் நார் நிறத்தில் பழுப்புத் துகள் பூத்து இறங்கும். இல்லாவிட்டால் துகள் தயிர்போல வெள்ளையாகவே நிற்கும். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள்: தென்கரைப் பாட்டிலையும் பந்தல்குடிப் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எண் வருவதற்கு முன்பே நிறம் சொல்லிவிடும்.

துகள் பாதி பாட்டிலுக்கு இறங்கியதும் அமிலம் 2 மில்லி. துகள் கரைந்து தேன் நிறம் வரும். இந்த நிலையில் இருட்டில் வைத்தால் சில மணி நேரம் தாங்கும், பள்ளிக்குக் கொண்டுவந்து மீதியைச் செய்யலாம். 203 மில்லி எடுத்து (நாம் விட்ட 4 மில்லி மருந்து தள்ளிய தண்ணீருக்குத்தான் அந்த 3 மில்லி) தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெளிறிய வைக்கோல் நிறம் வந்த பிறகுதான் ஸ்டார்ச். நீலம் மறையும் முதல் சொட்டில் நிறுத்துங்கள். எத்தனை மில்லி தயோசல்ஃபேட் செலவானதோ, லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன்.

எண்ணைப் படிக்கும்போது வெப்பநிலை முக்கியம். 20 டிகிரியில் தண்ணீர் 9.1 மி.கி. வரை பிடிக்கும், 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிக்கும் நீருக்குக் குறைந்தது 5, மீன் வாழும் நீருக்குக் குறைந்தது 4.

நவம்பர் 17, காலை 6.50 | செல்லூர் டீச்சர்

கந்தக அமிலத்தை ஆற்றங்கரையில் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. தலைமையாசிரியரும் சம்மதிக்க மாட்டார்.

நவம்பர் 17, காலை 8.00 | கொச்சடை

நீங்கள் சொல்வதுதான் சரி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அமிலத்துக்குப் பதில் சல்ஃபாமிக் அமிலத் தூள் போடலாம், பல களப் பெட்டிகளில் அதுதான் வருகிறது. பெட்டியாகவே வாங்கிவிடுங்கள், துல்லியம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அசைடு கரைசல் நஞ்சு. அதையும் தூளையும் நீங்கள் மட்டும் கையாளுங்கள், கையுறை, கண்ணாடி போட்டு. பிள்ளைகள் நிரப்பட்டும், கவிழ்க்கட்டும், நிறம் பார்க்கட்டும், சொட்டு எண்ணட்டும். மிச்சத்தை ஆற்றில் கொட்ட வேண்டாம்.

நவம்பர் 30, மதியம் 2.20 | கொச்சடை

பூச்சிகள். கல் புரட்டுவதைக் கற்றுக்கொள்ள மதுரைக்குள் இடமில்லை என்பது உண்மை. குட்லாடம்பட்டி ஓடைக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள், மழை முடிந்த இந்த நேரம்தான் சரி, வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு. சிறுமலையிலிருந்து இறங்கும் தண்ணீர் நல்ல நிலையில் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் செல்லூரில் எது குறைகிறது என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

வலை: அரை அங்குலப் பி.வி.சி. குழாயில் சதுரச் சட்டம், கொசுவலைத் துணி, நீளக் கைப்பிடி. வலையின் வாயை ஓட்டத்துக்கு எதிராக அடியில் ஊன்றி, அதற்கு முன்னால் ஒருவர் நின்று கற்களைக் காலால் கிளறுங்கள். மொத்தம் மூன்று நிமிடம், வேகமான இடம், மெதுவான இடம், ஓரம் என்று பிரித்து. பிறகு ஒரு நிமிடம் கையால் கல் புரட்டல். புரட்டிய கல்லைத் திருப்பி அதே இடத்தில் வைக்க வேண்டும். வலையை வெள்ளைத் தட்டில் கழுவிக் கொட்டுங்கள், ஐந்து நிமிடம் யாரும் தட்டைத் தொடாமல் இருங்கள். குப்பை அடங்கியதும் உயிர்கள் தானாக நகரத் தொடங்கும்.

அடையாளம்: வயிற்றின் இரு பக்கமும் இலைபோல் செவுள், வாலில் பெரும்பாலும் மூன்று இழை, காலில் ஒரே நகம் என்றால் மேஃப்ளைப் பூச்சியின் குஞ்சு. வால் இரண்டு, ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம், வயிற்றில் செவுள் இல்லை என்றால் ஸ்டோன்ஃப்ளைப் பூச்சியின் குஞ்சு. அது கிடைத்தால் அந்த ஓடை நல்ல ஓடை. மணலையோ குச்சியையோ ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் இருப்பது கேடிஸ் பூச்சியின் குஞ்சு. தட்டான் குஞ்சு குண்டாக இருக்கும், கீழ்த்தாடை கைபோல் நீண்டு மடங்கும். ஊசித்தட்டான் குஞ்சு மெலிவு, வால் நுனியில் மூன்று துடுப்பு. சிவப்பாக நெளிவது ரத்தப்புழு, மீன் கடையில் விற்பார்களே, அது கொசு இனத்துக்குப் பக்கத்து இனம். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் வாழ்வதற்குத்தான் அந்தச் சிவப்பு.

நத்தைக்கு ஒரு சின்ன உத்தி: கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள். வாய் இடப்பக்கம் திறந்தால் அது காற்றைச் சுவாசிக்கும் இடஞ்சுழி நத்தை, சாக்கடையிலும் பிழைக்கும். வாயை அடைக்கக் கதவுபோல் ஒரு மூடி இருந்தால் அது செவுளால் சுவாசிப்பது.

மதிப்பெண் பிரிட்டனில் உருவான பி.எம்.டபிள்யு.பி. முறைப்படி (கிடைக்கும் உயிர்களை வைத்துத் தண்ணீரை மதிப்பிடுவது), ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை, அழுக்கைத் தாங்காததற்கு அதிகம். ரத்தப்புழுக் குடும்பத்துக்கு 2, மண்புழு இனத்துக்கு 1, தட்டை உடல் மேஃப்ளைக்கு 10. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்ணைக் கூட்டிக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி.

டிசம்பர் 2, இரவு 9.45 | கொச்சடை

வலையைப் பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். கொசுவலை வேண்டாம். அதன் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், சின்ன ரத்தப்புழுவும் மேஃப்ளைக் குஞ்சும் ஒழுகிப் போய்விடும். மிஞ்சுவது பெரிய தட்டான்களும் நத்தைகளும்தான், மதிப்பெண் தப்பாக வரும். வேண்டியது 500 மைக்ரான் நைலான் துணி. ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கிடைப்பது இதைவிட ரொம்ப நெருக்கம், சேறு அடைத்துக்கொண்டு தண்ணீரே கடக்காது, வலைக்கு முன்னாலேயே பூச்சி திரும்பி ஓடிவிடும். மாவுச் சல்லடைத் துணியும் இறால் குஞ்சுப் பண்ணைத் துணியும் இந்த அளவில் வரும். கடையிலேயே ஸ்கேலை வைத்து எண்ணிப் பாருங்கள்: ஒரு சென்டிமீட்டரில் 12, 13 கண் இருந்தால் சரி.

தட்டான் மதிப்பெண்ணிலும் கவனம். பிரிட்டன் பட்டியலில் தட்டான் குடும்பங்களுக்கு 8. நம் கண்மாய்களில் சில தட்டான் குஞ்சுகள் அழுக்கிலும் சுகமாக இருக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்திய நிலைக்கு மாற்றி அமைத்த பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீலம், வெளிர்நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று ஐந்து வகுப்பு.

டிசம்பர் 8, காலை 10.30 | செல்லூர் டீச்சர்

குட்லாடம்பட்டி போய் வந்துவிட்டோம். தட்டு நிறையக் கிடைத்தது. இன்றைக்கு விரகனூர்ப் பக்கம் மூன்று நிமிடம் மணலைக் கிளறினால் மணல் மட்டும்தான் வருகிறது. குடும்பங்களைப் பிள்ளைகளால் பிரிக்கவும் முடியவில்லை.

டிசம்பர் 8, மதியம் 1.15 | கொச்சடை

நகரும் மணலில் எதுவும் வேர்விடாது, பூச்சியும் தங்காது. உயிர் இருப்பது ஓரத்தில். நாணல் வேர், தண்ணீரில் தொங்கும் புல், சிக்கிய மட்டை, மக்கிய இலைக் குவியல், பாலத்தூண் பாசி. இருபது குத்து என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வலையை ஒவ்வொரு இடத்திலும் அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு தள்ளு. கரையோரத்தில் பாதி நாணல் என்றால் பத்துக் குத்து நாணலில். அடுத்த மாதமும் அதே பங்கு. ஒரு மாதம் எல்லாக் குத்தும் நாணலில், மறு மாதம் சேற்றில் என்றால் நீங்கள் அளப்பது உங்கள் மாற்றத்தை, ஆற்றின் மாற்றத்தை அல்ல.

குடும்பம் பிரிக்கத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய ஒரு முறை இருக்கிறது, பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லித் தர வேண்டும். தட்டில் கோடு போட்டு, கோட்டின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: இது இதற்கு முன் எடுத்ததைப்போல் இருக்கிறதா, இல்லையா? ரத்தப்புழு, ரத்தப்புழு, ரத்தப்புழு, நத்தை, நத்தை, ரத்தப்புழு, தட்டான் என்று வந்தால் உயிர் ஏழு, தொடர் நாலு (ஒரே வகை அடுத்தடுத்து வரும்வரை ஒரு தொடர்). 4 வகுத்தல் 7, 0.57. ஐம்பது அறுபது உயிர் வரை எடுத்துச் செய்யுங்கள். பல வகை கலந்து வாழும் இடத்தில் இந்த எண் 1-ஐ நெருங்கும். அறுபது எடுத்து நாலே தொடர் வந்தால் 0.07, ஒரே இனம் ஆள்கிறது என்று பொருள். பெயர் ஒன்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. பொறுக்கும்போது பெரியது, அழகானது என்று தேடி எடுக்கக் கூடாது, கோட்டில் அடுத்தது எதுவோ அதுதான்.

டிசம்பர் 20, இரவு 7.55 | தென்கரை மேஸ்திரி

தண்ணியப் பத்தி இம்புட்டு எழுதுறீங்க, கரையப் பத்தி ஒண்ணும் காணோமே தம்பி. எங்க பக்கம் கரை வருஷா வருஷம் உள்வாங்குது. அதை அளக்க மிஷின் எதுவும் வேணாம். நாங்க வீட்டுக்கு மட்டம் பாக்குற டியூப் போதும். பத்து மில்லிமீட்டர், கண்ணாடி மாதிரி உள்ள தெரியுற பிளாஸ்டிக் டியூப் பன்னெண்டு மீட்டர், ரெண்டு பேர், ரெண்டு அளவுக் குச்சி.

டிசம்பர் 20, இரவு 9.30 | கொச்சடை

அண்ணன் சொல்வது அருமையான வழி. டியூபில் தண்ணீரை வாளியிலிருந்து உறிஞ்சி இழுத்து நிரப்புங்கள், கொட்டி நிரப்பினால் குமிழி நிற்கும். ஒரு குமிழி இருந்தாலும் இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாக நிற்காது. ஒரு குச்சி கரைமேல் இருக்கும் அசையாத கல்லில். மறு குச்சி கரையிலிருந்து ஆற்றை நோக்கி அரை மீட்டருக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் இரண்டு குச்சியிலும் தண்ணீர் மட்டத்தைப் படிக்க வேண்டும், ஏனென்றால் ஒன்றை நகர்த்தினால் மற்றதிலும் மட்டம் மாறும். ஆற்றுப் பக்கக் குச்சியில் 142, கல் பக்கம் 60 என்றால் அந்த இடம் கல்லைவிட 82 செ.மீ. பள்ளம். யாரும் டியூபை மிதிக்கக் கூடாது. கடைசியில் முதல் இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி படியுங்கள், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் முழுதும் மறுபடி.

மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. இரண்டு கோட்டையும் ஒரே கட்டத்தாளில் போட்டால் கரை எங்கே தின்னப்பட்டது, மணல் எங்கே தோண்டப்பட்டது என்று தனித்தனியாகத் தெரியும். வெள்ளம் அரித்த கோடு வளைவாக இறங்கும். தோண்டிய குழி செங்குத்தாக விழும்.

இன்னொன்று அரிப்புக் கம்பி. 10 மில்லிமீட்டர் கம்பி 60 செ.மீ. நீளம், கரைச் சுவரில் படுக்கைவாட்டில் 50 செ.மீ. உள்ளே, 10 வெளியே. அடி, நடு, மேல் என்று மூன்று. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் வெளியே நீட்டும் நீளத்தை அளந்தால் போதும். நகருக்குள் இரு கரையிலும் சுவர் எழுப்பிய நீளத்தில் இதற்கு வேலை இல்லை, தென்கரை மாதிரி மண் கரைக்குத்தான்.

கரைச் செடிகளையும் அதே கோட்டில் எழுதுங்கள்: தண்ணீர் விளிம்பிலிருந்து எத்தனை மீட்டருக்கு எது. நாணல், நீர்மருது, புங்கன், நொச்சி ஒரு கட்டம். சீமைக் கருவேலம், நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு கட்டம். "பசுமை 80 சதவீதம்" என்று ஒரே எண்ணில் அடக்கினால், சீமைக் கருவேலம் மூடிய கரைக்கும் மருத மரக் கரைக்கும் ஒரே மதிப்பெண் போய்விடும்.

டிசம்பர் 21, காலை 6.15 | தென்கரை மேஸ்திரி

கம்பிய அப்படியே நீட்டி விட்டா ஒரு வாரம் தாங்காது. பழைய இரும்புக்குப் பிடுங்கிட்டுப் போயிருவாங்க. அஞ்சு சென்டி மட்டும் வெளிய விட்டு, செம்மண் கலர் பெயின்ட் அடிச்சுருங்க. எந்த இடம்னு கரைமேல உள்ள மரத்துலருந்து டேப் புடிச்சு எழுதி வச்சுக்கங்க டீச்சரம்மா.

பிப்ரவரி 15, இரவு 8.40 | செல்லூர் டீச்சர்

ஓட்டம் நின்றுவிட்டது. விரகனூருக்கு மேலே குட்டையில் மதியம் மூன்று மணிக்கு 32 டிகிரி, ஆக்சிஜன் 11, பி.எச். 9. பெட்டி கெட்டுவிட்டதா? இல்லை தண்ணீர் நிஜமாகவே இவ்வளவு நன்றாக இருக்கிறதா?

பிப்ரவரி 15, இரவு 9.20 | கொச்சடை

பெட்டி கெடவில்லை, தண்ணீரும் நன்றாக இல்லை. 32 டிகிரியில் தண்ணீர் பிடிப்பது 7.3 மட்டும். 11 என்பது அதற்கு ஒன்றரை மடங்கு. பச்சைப் பாசி வெயிலில் ஆக்சிஜனைக் கக்குகிறது, கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் பி.எச். ஏறுகிறது. அதே பாசி ராத்திரி முழுக்க மூச்சு விடும். நாளை விடியும் முன் ஐந்தரை மணிக்கு அதே இடத்தில் அளந்து பாருங்கள். ஜிலேபிக் கெண்டை மேலே வந்து வாயைப் பிளந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் குட்டையின் நிலையைச் சொல்லும். குட்டைக் காலத்தில் ஒரு நாளுக்கு இரண்டு அளவு, விடியலில், மூன்று மணிக்கு, அதற்குக் குறைந்தால் எடுக்கவே வேண்டாம்.

பி.எச். 9-ஐச் சாதாரணமாக விடாதீர்கள். அம்மோனியா மீனைக் கொல்வது பி.எச். ஏறும்போதுதான். 30 டிகிரியில் பி.எச். 7.5 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நாற்பதில் ஒரு பங்குதான் நஞ்சு வடிவம். 8.5 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு.

ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் இதெல்லாம் தலைகீழ். அடியில் வெளிச்சமே இல்லை, மதியமும் ஆக்சிஜன் இருக்காது. திறந்த தண்ணீரில் ஒன்று, தாமரைக்கு அடியில் ஒன்று என்று தனியாக எடுங்கள்.

பிப்ரவரி 16, காலை 7.05 | செல்லூர் டீச்சர்

விடியலில் 0.8. மீன் மேலே வந்து நிற்கிறது.

மார்ச் 22, மாலை 5.30 | கொச்சடை

காய்ந்த மாதத்துக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள் டீச்சர். ஊற்று பறியுங்கள். சோழவந்தான் பக்கம் மணலில் கையகல ஊற்று பறித்துத் தண்ணீர் எடுத்த பழக்கம் எல்லோருக்கும் தெரியும். அதையே அளவாக ஆக்கலாம். ஒரே இடத்தில் மாதம் ஒருமுறை பறித்து, மணல் மேற்பரப்பிலிருந்து தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று எழுதுங்கள். அரை மணி நேரம் தெளியவிட்டு, முதலில் ஊறியதை இறைத்துவிட்டு, இரண்டாவது ஊறிய தண்ணீரில் பேனாவை வையுங்கள். மணல் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவுதான் ஆறு தண்ணீரைத் தாங்கி வைக்கும். மணல் அள்ளிக் களிமண் தெரியும் இடத்தில் ஊற்றே ஊறாது, அதையும் எழுதுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் பறிக்க வேண்டாம், மணல் சரியும். போகும்போது மூடிவிட்டுப் போங்கள்.

கூடவே பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டம் ஒன்று கயிறு கட்டிப் பிளாஸ்டிக், துணி, கண்ணாடி, கட்டட இடிபாடு என்று எண்ணி வையுங்கள். சீமைக் கருவேல நாற்று எத்தனை முளைத்திருக்கிறது என்பதையும் சேர்த்து.

ஏப்ரல் 16, இரவு 10.10 | கொச்சடை

அழகர் ஆற்றில் இறங்க அணையில் தண்ணீர் திறக்கிறார்கள். அன்றைக்கு ஒரே ஒரு பாட்டில் எடுத்து "ஏப்ரல் மாத வைகை" என்று எழுதிவிடாதீர்கள், அது அணைத் தண்ணீர்.

ஆனால் தண்ணீர் வந்து சேரும் முதல் இரண்டு மணி நேரம் கிடைப்பதற்கு அரிது. பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிய வாளியால் கால் மணிக்கு ஒருமுறை எடுங்கள், கீழே யாரும் இறங்க வேண்டாம். மின்கடத்துதிறனும் தெளிவும் மட்டும். மாதக் கணக்கில் தேங்கிய சாக்கடையையும் குப்பையையும் முதல் தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும். எண் விறுவிறுவென ஏறி, பிறகு அணைத் தண்ணீரின் அளவுக்கு இறங்கும். எத்தனை கால் மணிக்குப் பிறகு இறங்கியது என்பதைக் குறித்தால் நகருக்குள் எவ்வளவு அழுக்கு காத்திருந்தது என்று அடுத்த வருஷத்தோடு ஒப்பிடலாம்.

தெளிவுக்கு: நாலு அடி அக்ரிலிக் குழாய், உள்விட்டம் 4 செ.மீ., ஒன்றரை லிட்டர் பிடிக்கும். அடியில் ரப்பர் அடைப்பான், அதன் மேல் கறுப்பு வெள்ளை நாலு பங்காகப் பிரித்த வட்டத் தகடு, அடைப்பானில் மீன்தொட்டிக்குப் போடும் சின்னக் குழாய்த் திருகு. வாளியைக் கலக்கிவிட்டு நிரப்புங்கள். வெயிலுக்கு முதுகு காட்டி, குழாயை உங்கள் நிழலில் பிடித்து மேலிருந்து பாருங்கள். திருகைத் திறந்து மெதுவாக வடித்து, வட்டத்தின் கறுப்பும் வெள்ளையும் பிரிந்து தெரியும் உயரத்தில் நிறுத்தி சென்டிமீட்டரை எழுதுங்கள். இரண்டு பேர் பார்த்துச் சராசரி. மண்டி அடியில் படியவிட்டால் வட்டம் மறைந்துபோகும், அதனால் நிரப்பியதும் பார்த்துவிட வேண்டும்.

மே 4, காலை 9.00 | கொச்சடை

நவம்பர் 9 குறிப்பில் எல்லா இடத்துக்கும் 0.85 என்று எழுதியிருந்தேன். விரகனூர், செல்லூர் மாதிரி மணல், சேற்று அடிக்கு 0.9, குட்லாடம்பட்டி மாதிரிக் கல் அடிக்கு 0.8 போடுங்கள். அந்த எடுத்துக்காட்டு மணல் ஆற்றில் 0.675 கனமீட்டர் ஆகும், வினாடிக்கு 675 லிட்டர். அணைக் கணக்கில் பேசும் கன அடிக்கு மாற்ற 28.3-ஆல் வகுத்தால் சுமார் 24. பழைய பக்கங்களை அழிக்க வேண்டாம். பக்கத்தில் சிவப்பு மையில் புது எண்ணையும் இன்றைய தேதியையும் எழுதுங்கள், நேரத்தையும் நீளத்தையும் ஆழத்தையும் தனித்தனியாக எழுதியிருப்பீர்கள் என்பதால் எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போட்டுவிடலாம்.

மே 4, காலை 9.40 | செல்லூர் டீச்சர்

மூன்று பக்கத்தில் விடை மட்டும்தான் இருக்கிறது அண்ணே. நேரமும் ஆழமும் எழுதவில்லை.

மே 4, காலை 9.55 | கொச்சடை

அந்த மூன்றிலும் விடையை 0.85-ஆல் வகுத்து 0.9-ஆல் பெருக்குங்கள், சரியாகிவிடும். ஜூன் முதல் அளந்தது அளந்தபடி முதல் வரி, கணக்கு இரண்டாம் வரி.